எந்த வயதில் சரியும் தவறும் தெரியும்? ஒழுக்க வளர்ச்சிக் கோட்பாடுகளும் அவற்றின் மீதான விமர்சனங்களும்

பதினைந்து அல்லது பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் கொடிய குற்றமொன்றில் சிக்கினான் என்று செய்தி வரும்போதெல்லாம், செய்வது தவறென்று அவனுக்குத் தெரிந்திருக்குமா என்ற விவாதமும் கூடவே வருகிறது. அடிப்பது தப்பு என்று மூன்று வயதுக் குழந்தைக்கே தெரியும், இவனுக்குத் தெரியாதா என்று ஒரு தரப்பு கேட்கிறது. அறிவு முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும் என்று மறுதரப்பு சொல்கிறது. இரு தரப்பும் உளவியலைச் சாட்சிக்கு அழைக்கின்றன. படிப்பவரைக் குழப்புவது என்னவென்றால், இரண்டு கூற்றுக்கும் உளவியல் ஆய்வுகளில் உண்மையாகவே ஆதாரம் இருக்கிறது.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் ஆய்வாளர்கள் கேட்ட கேள்விகளில் இருக்கிறது. கடந்த நூறாண்டுகளில் இத்துறையில் நடந்த சர்ச்சைகளைத் தொடர்ந்து படித்தால் ஒன்று புலப்படும்: குழந்தைக்குக் கொடுத்த கதையும் கேட்ட கேள்வியும் மாறியபோதெல்லாம், குழந்தை "அறம் அறியும் வயது" என்று ஆய்வாளர் கண்டுபிடித்த வயதும் மாறியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கோட்பாட்டையும், அது எதை அளந்தது என்பதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

தமிழில் "ஒழுக்கம்" என்ற சொல் விரிவான பொருள் கொண்டது. ஒழுக்கமான பிள்ளை என்று சொன்னால், பொய் சொல்லாத பிள்ளை என்றும் பொருள் கொள்ளலாம். சீருடையைச் சரியாக அணிந்து, மணி அடிப்பதற்குள் வகுப்பில் அமரும் பிள்ளை என்றும் பொருள் கொள்ளலாம். இவ்விரண்டையும் பிரிக்க வேண்டுமா என்பதே பின்னர் பெரிய சர்ச்சையானது. பாடநூல்களில் "ஒழுக்க வளர்ச்சி" என்ற தொடர் நிலைபெற்றுவிட்டதால் அதையே இங்கும் பயன்படுத்துகிறேன். பிறருக்கு இழைக்கும் தீங்கு, நீதி, உரிமை ஆகியவற்றைத் தனித்துக் குறிக்கும் இடங்களில் "அறம்" என்று எழுதுகிறேன்.

அளக்கப்படும் பொருளிலும் மூன்று அடுக்குகள் உண்டு.

1. அறத்தீர்ப்பு: ஒரு செயல் சரியா தவறா என்று சொல்வதும், அதற்குக் காரணம் கூறுவதும்.
2. அறவுணர்வு: பிறர் துன்பம் கண்டு கலங்குவது, தவறு செய்தபின் குற்றவுணர்வு கொள்வது, அநீதி கண்டு சினப்பது.
3. அறச்செயல்: யாரும் பார்க்காதபோதும், தனக்கு இழப்பு நேரும்போதும், உண்மையில் என்ன செய்கிறார் என்பது.

ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. பெற்றோரின் தடைகளைக் குழந்தை தனக்குள் வாங்கிக்கொள்வதால் மனச்சான்று பிறக்கிறது என்றும், மூன்று முதல் ஆறு வயதுக்குள் அது உருவாகிறது என்றும் அவர் கருதினார். இதைச் சோதித்துப் பார்க்க வழியில்லாததால் ஆய்வுலகில் அதன் செல்வாக்கு குறைந்துவிட்டது. நடத்தையியலாளர்கள் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, பரிசும் தண்டனையும் பழக்கத்தை உருவாக்குகின்றன என்றார்கள். முதலாவதை, அதாவது குழந்தை எப்படி நியாயம் பேசுகிறது என்பதை, ஆராயத்தக்க பொருளாக்கியவர் சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே. சர்ச்சைகள் அனைத்தும் அவரிடமிருந்தே கிளைக்கின்றன.

பியாஜே: கோலிக்குண்டும் உடைந்த கோப்பையும்

1932-இல் வெளியான நூலுக்காகப் பியாஜே ஜெனீவாவிலும் நூஷாட்டெலிலும் தெருவில் கோலி விளையாடிய சிறுவர்களோடு உட்கார்ந்தார். ஆட்டம் தெரியாதவர்போல விதிகளைக் கேட்டார். பிறகு, இந்த விதி எங்கிருந்து வந்தது, இதை மாற்றலாமா என்று விசாரித்தார். சிறு பிள்ளைகள் விதிகளைப் பெரியவர்களோ கடவுளோ வகுத்த, மாற்றக்கூடாத ஒன்றாகப் பேசினார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்படிப் பேசிய பிள்ளைகளே விளையாடும்போது விதியைச் சரியாகப் பின்பற்றவில்லை. பத்து, பதினொரு வயதுச் சிறுவர்களோ, எல்லோரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றலாம் என்றார்கள். ஆட்டத்திலும் விதியைக் கறாராகக் கடைப்பிடித்தார்கள்.

அவருடைய இன்னொரு கருவி இரட்டைக் கதைகள். சாப்பிட அழைக்கப்பட்ட சிறுவன் ஒருவன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் நாற்காலியில் தட்டு இருந்தது அவனுக்குத் தெரியாது. அதிலிருந்த 15 கோப்பைகளும் உடைகின்றன. இன்னொரு சிறுவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்க அலமாரியில் ஏறுகிறான். ஒரு கோப்பை விழுந்து உடைகிறது. யார் அதிகம் தப்பு செய்தவர்? ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் பலர் 15 கோப்பை உடைத்தவனைச் சுட்டினார்கள். பத்து வயதை எட்டியவர்கள் திருட்டுத்தனமாக ஏறியவனைச் சுட்டினார்கள்.

இதிலிருந்து பியாஜே இருவகை ஒழுக்கத்தைக் கண்டார். முதலாவது பிறர் விதித்த ஒழுக்கம்: பெரியவர் மீதுள்ள ஒருதலை மரியாதையில் பிறந்தது, விளைவைக் கொண்டு குற்றத்தை அளப்பது. இரண்டாவது தானே ஏற்ற ஒழுக்கம்: சமவயதினரோடு விளையாடி, சண்டையிட்டு, சமாதானமாகி, பேரம் பேசிப் பிறந்தது, நோக்கத்தைக் கொண்டு குற்றத்தை அளப்பது. ஒழுக்கம் வளரும் இடம் பெற்றோரின் அறிவுரையைவிடச் சகபிள்ளைகளின் விளையாட்டுக் களமே என்பது அவருடைய துணிச்சலான முடிவு. என் பார்வையில் பியாஜேயின் எண்ணங்களில் இன்றுவரை வலுவாக நிற்பது இதுதான். அவர் குறித்த வயதுகள் அப்படி நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பது கதைகளை உற்றுப் பார்த்தால் தெரியும். முதல் கதையில் நோக்கம் நல்லது, சேதம் பெரிது. இரண்டாவதில் நோக்கம் கெட்டது, சேதம் சிறிது. இரண்டும் ஒரே நேரத்தில் மாறுவதால், குழந்தை நோக்கத்தை அறியவில்லையா, அல்லது சேதத்தின் அளவு கண்ணை உறுத்துவதால் நோக்கம் மறந்துபோகிறதா என்று பிரித்தறிய முடியாது. அதோடு, கேட்ட கதை இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டிய சுமையும் குழந்தையின் தலையில் விழுகிறது. 1980-இல் வெளியான ஓர் ஆய்வில் ஷாரன் நெல்சன் கதையை எளிதாக்கிப் படமாகக் காட்டினார்: ஒரு சிறுவன் நண்பனை நோக்கிப் பந்து வீசுகிறான், விளையாட வீசினானா, அடிக்க வீசினானா என்பது படத்திலேயே தெரியும். இப்போது மூன்று வயதுக் குழந்தைகளே நோக்கத்தைக் கணக்கில் எடுத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். கேள்வியின் வடிவத்தை மாற்றியதில் ஏறக்குறைய ஏழு வயது இடைவெளி கரைந்துவிட்டது.

கோல்பெர்க்கின் ஆறு படிகள்

பியாஜே பன்னிரண்டு வயதோடு நிறுத்தியதை அமெரிக்கரான லாரன்ஸ் கோல்பெர்க் வயதுவந்தோர் வரை நீட்டினார். 1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர்பட்ட ஆய்வுக்கு, 10, 13, 16 வயதுகளில் இருந்த 72 சிறுவர்களைப் பேட்டி கண்டார். அவர்களுக்குச் சொன்ன கதைகளில் புகழ்பெற்றது ஹைன்ஸ் கதை. மனைவி புற்றுநோயால் சாகக் கிடக்கிறாள். ஒரே மருந்து உண்டு. அதைக் கண்டுபிடித்த மருந்துக்காரர் அடக்கவிலையைப்போலப் பத்து மடங்கு கேட்கிறார். ஹைன்ஸ் கடன் வாங்கித் திரட்டியது பாதித் தொகையே. விலையைக் குறைக்கவோ மீதியைப் பிறகு வாங்கிக்கொள்ளவோ மருந்துக்காரர் மறுக்கிறார். ஹைன்ஸ் கடையை உடைத்து மருந்தைத் திருடுகிறார். அப்படிச் செய்திருக்கலாமா?

திருடலாம், திருடக்கூடாது என்ற விடையைக் கோல்பெர்க் பொருட்படுத்தவில்லை. அதற்குச் சொன்ன காரணத்தை மட்டும் வகைப்படுத்தினார். அதனால் எதிரெதிர் விடை சொன்ன இருவர் ஒரே படியில் இருக்கலாம். படிகள் இவை:

1. தண்டனைக்கு அஞ்சுதல்: "திருடினால் சிறைக்குப் போவார்."
2. கைம்மாறு கருதுதல்: "மனைவி பிழைத்தால் அவருக்குத்தானே நன்மை."
3. நெருங்கியோர் பார்வையில் நல்லவராதல்: "நல்ல கணவன் கைகட்டி நிற்க மாட்டான்."
4. சட்டத்தையும் சமூக ஒழுங்கையும் காத்தல்: "ஆளாளுக்குத் திருடினால் சமூகம் என்னாவது?"
5. சட்டத்தைச் சமூக ஒப்பந்தமாகக் காணுதல்: "உயிரைக் காக்கத் தவறும் சட்டத்தைத் திருத்த வேண்டும்."
6. எல்லோருக்கும் பொருந்தும் நெறி: "யாருடைய உயிராயினும், எந்தச் சொத்தையும்விட மேலானது."

முதலிரண்டும் மரபுக்கு முந்தைய நிலை, அடுத்த இரண்டும் மரபு நிலை, கடைசி இரண்டும் மரபுக்குப் பிந்தைய நிலை. இந்த வரிசை மாறாது, இடையில் ஒரு படியைத் தாண்டிச் செல்ல முடியாது, உலகெங்கும் இதுவே பொருந்தும் என்ற மூன்று வலுவான கூற்றுகளைக் கோல்பெர்க் முன்வைத்தார். அதே சிறுவர்களில் 58 பேரைச் சில ஆண்டுகளுக்கொருமுறை சந்தித்து, இருபதாண்டுகள் பின்தொடர்ந்த முடிவுகள் 1983-இல் வெளியாயின. வயதோடு படி ஏறுவதும், படியைத் தாண்டாமல் ஏறுவதும் பெரும்பாலும் உறுதியாயின. இவ்வளவு நீண்டகாலம் ஒரே மனிதர்களைத் தொடர்ந்த ஆய்வு உளவியலில் அரிது. விமர்சனங்களைப் பட்டியலிடுவதற்குமுன் இந்த உழைப்புக்கு உரிய மதிப்பை அளிப்பது கடமை.

அளவுகோலின் மீதே எழும் ஐயங்கள்

ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் மேற்கண்ட ஆறு படிகளும் நிலைநாட்டப்பட்ட உண்மைபோல மனப்பாடம் செய்யப்படுகின்றன. அவ்விடங்களில் அதிகம் சொல்லப்படாத செய்திகள் சில உண்டு.

முதலாவது, ஆறாம் படி ஆய்வில் தென்படவே இல்லை. நீண்டகால ஆய்வில் ஐந்தாம் படியை எட்டியவர்களே மிகச் சிலர். இறுதியில் கோல்பெர்க் குழுவினரே, விடைகளைப் படிவாரியாக வகைப்படுத்தும் மதிப்பெண் கையேட்டிலிருந்து ஆறாம் படியை நீக்கி, அதைத் தத்துவ இலட்சியமாக மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, தரவு கோட்பாட்டோடு மோதியபோது மதிப்பெண் முறை திருத்தப்பட்டது. மேல்நிலைப் பள்ளியில் நான்கு, ஐந்தாம் படிகளில் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட சிலர், கல்லூரிக்குப் போனபின் "எது சரி என்று யார் சொல்ல முடியும், அவரவர் விருப்பம்" என்று பேசத் தொடங்கினார்கள். பழைய முறைப்படி அது இரண்டாம் படிக்குச் சரிந்ததாகும். பின்னோக்கிச் சரிவு கிடையாது என்ற கூற்றுக்கு இது நேர் எதிர். இதற்கு விளக்கமாக, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே ஓர் இடைநிலை வகுக்கப்பட்டது. மதிப்பெண் விதிகளும் மாற்றப்பட்டன. தவறிலிருந்து கற்பது ஆய்வுக்கு அழகே. எனினும், கோட்பாட்டுக்குப் பொருந்துமாறு அளவுகோலைச் சரிசெய்தபின், அந்த அளவுகோலில் கிடைத்த எண்ணையே கோட்பாட்டுக்குச் சான்றாகக் காட்டும்போது, அச்சான்றின் எடை குறைகிறது.

மூன்றாவது, இந்த அளவுகோல் அளப்பது பேச்சை. மனத்தில் உள்ளதைச் சொற்களில் விரித்துரைக்கும் திறன் கல்வியோடு வளர்வது. கோல்பெர்க்கின் மாணவரான ஜேம்ஸ் ரெஸ்ட், பேச வைப்பதற்குப் பதிலாக, அச்சிட்ட காரணங்களில் முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வொன்றை வடிவமைத்தார். அதே மனிதர்கள் அதில் உயர்ந்த நிலையைக் காட்டினார்கள். ஒன்றைச் சொந்தமாகச் சொல்ல முடியாதவர், பிறர் சொன்னால் அதன் அருமையை அறிந்துகொள்கிறார். அப்படியானால் அவர் எந்தப் படியில் நிற்கிறார்?

ரெஸ்டின் தேர்வும் தப்பவில்லை. 1983-இல் நிக்கோலஸ் எம்லரும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்களிடம் அத்தேர்வை இருமுறை கொடுத்தார்கள்: ஒருமுறை தம் சொந்தக் கருத்துப்படி, மறுமுறை எதிர் அரசியல் சார்புடையவர் விடையளிப்பதுபோல. வலதுசாரி, மிதவாத மாணவர்கள் தீவிர இடதுசாரியைப்போல விடையளித்தபோது அவர்களின் மதிப்பெண் ஏறியது. ஏறாத படியைப் பாவனையால் ஏற முடிந்தது என்றால், உயர்ந்த மதிப்பெண் அறிவு முதிர்ச்சியைக் காட்டுகிறதா, ஒருவகை அரசியல் மொழியைக் காட்டுகிறதா என்ற ஐயம் நியாயமானதே.

ஜேக்கும் ஏமியும்: கில்லிகன் எழுப்பிய கேள்வி

கோல்பெர்க் பின்தொடர்ந்த அனைவரும் ஆண்கள். அவருடன் ஹார்வர்டில் பணியாற்றிய கேரல் கில்லிகன் 1982-இல் வெளியிட்ட நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். பதினொரு வயதான ஜேக், ஏமி என்ற இருவரின் விடைகள் அந்நூலில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஜேக் தயங்கவில்லை: உயிர் பணத்தைவிடப் பெரிது, ஹைன்ஸ் திருட வேண்டும் என்றான், மனிதர்களை வைத்துப் போட்ட கணக்குபோல அவனுக்கு அது தோன்றியது. ஏமி தயங்கினாள். திருடக்கூடாது, மனைவி சாகவும் கூடாது. திருடிச் சிறைக்குப் போய்விட்டால், மனைவிக்கு நோய் முற்றும்போது மறுபடி மருந்து கொண்டுவர யார் இருப்பார்? மருந்துக்காரரோடு உட்கார்ந்து பேசி வேறு வழி காண வேண்டும் என்றாள்.

பேட்டி கண்டவர் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஏமியின் உறுதி குலைந்தது. மதிப்பெண்ணில் அவள் ஜேக்கைவிட ஒரு முழுப் படி தாழ்ந்தாள். அவளுடைய விடையை நிதானமாகப் படிப்பவருக்கு, அவள் கேள்வியைப் புரிந்துகொள்ளாதவளாகத் தெரிய மாட்டாள். இது திருடலாமா கூடாதா என்ற கேள்விதானா என்பதையே அவள் ஏற்கவில்லை. கதையில் இருப்பவர்களை, ஒருவரையொருவர் சார்ந்து நாளையும் வாழ வேண்டிய மனிதர்களாகப் பார்த்தாள். உரிமையையும் நீதியையும் மையமாகக் கொண்ட ஏணியில் பரிவையும் உறவுப் பொறுப்பையும் நிறுத்த இடமில்லை, அதனால் அவை மூன்றாம் படியில் தள்ளப்படுகின்றன என்பது கில்லிகனின் வாதம்.

கில்லிகனின் வாதத்திலும் இரண்டு கூறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. பெண்கள் கோல்பெர்க் அளவுகோலில் தாழ்ந்த மதிப்பெண் பெறுகிறார்கள் என்பது. 1984-இல் லாரன்ஸ் வாக்கர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கல்வியும் தொழிலும் ஒத்திருந்தால் ஆண் பெண் வேறுபாடு ஏறக்குறைய இல்லை என்று தெரிந்தது. 2000-இல் சாரா ஜாஃபீயும் ஜேனட் ஹைடும் 113 ஆய்வுகளை ஒன்றிணைத்துக் கணக்கிட்டபோது, பரிவைக் காரணமாகக் காட்டும் பேச்சு பெண்களிடமும் நீதியைக் காரணமாகக் காட்டும் பேச்சு ஆண்களிடமும் சற்றே மிகுந்திருந்தது. வேறுபாடு சிறியது, இருபாலரும் இருவகையிலும் பேசினார்கள்.
2. பரிவு என்பது நீதிக்குக் கீழான படி அல்ல, தனித்த அறநோக்கு என்பது. பால் வேறுபாடு பற்றிய கூற்று தளர்ந்தாலும் இது தளரவில்லை. இதிலிருந்து எழுந்த பரிவு அறவியல் இன்று தத்துவத்திலும் செவிலியத்திலும் தனித்துறையாக வளர்ந்திருக்கிறது.

சீருடையும் அடியும்: டூரியல் பிரித்த கோடு

கோல்பெர்க் கணக்கில், சமூக வழக்கத்தையும் அறத்தையும் பிரித்தறிவது மேற்படிகளில்தான் நிகழ்கிறது. அவருடைய மாணவர் எலியட் டூரியல் இதை மறுத்தார். குழந்தையிடம் நீண்ட கதை சொல்வதை விட்டுவிட்டு அவர் சிறு கேள்விகளைக் கேட்டார். இதற்கு விதியே இல்லையென்றால் செய்யலாமா? ஆசிரியர் அனுமதித்தால் செய்யலாமா? வேறொரு பள்ளியில் செய்யலாமா?

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் விடை இத்துறையில் பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. வெப்பமாக இருந்தால் உடையைக் கழற்றிவிடலாம் என்று விதி வைத்திருக்கும் பள்ளியைப் பற்றிக் கேட்டபோது, அந்தப் பள்ளி விரும்பினால் அப்படி வைத்துக்கொள்ளலாம் என்றான். ஒருவரையொருவர் அடிக்கலாம் என்று விதி வைத்திருக்கும் பள்ளியைப் பற்றிக் கேட்டபோது, அது கூடாது, அடித்தால் மற்றவர்களுக்கு வலிக்கும் என்றான். மூன்று, நான்கு வயதிலேயே இந்தப் பிரிவு தென்படத் தொடங்குகிறது என்று ஜுடித் ஸ்மெட்டானா உள்ளிட்டோரின் ஆய்வுகள் காட்டின. "மூன்று வயதுக் குழந்தைக்கே தெரியும்" என்ற வாதத்தின் வேர் இங்கிருக்கிறது. ஆனால் இங்கே அளக்கப்பட்டது, வேறு அழுத்தம் ஏதுமற்ற சூழலில் தெளிவான தீங்கு ஒன்றை அடையாளம் காணும் திறன். தீங்கும் நட்பும், தீங்கும் கட்டளையும் ஒன்றோடொன்று மோதும்போது அந்தக் குழந்தை என்ன சொல்லும் என்பது இந்த விடையிலிருந்து தெரியாது.

டூரியலின் கோடு எல்லாப் பண்பாடுகளுக்கும் பொருந்துமா என்ற கேள்வியைப் பண்பாட்டு உளவியலாளர் ரிச்சர்ட் ஷ்வேடர் எழுப்பினார். அவரும் மகாபாத்ராவும் மில்லரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு புவனேஸ்வரத்தையும் சிகாகோவையும் ஒப்பிட்டது. தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிடுவது புவனேஸ்வரத்தில் பேட்டியளித்தவர்களுக்கு மிகக் கடுமையான குற்றங்களில் ஒன்றாகத் தோன்றியது. சிகாகோவினருக்கு அது குற்றமே இல்லை. உரிமை சார்ந்த அறம் ஒருவகையே, சமூகக் கடமை சார்ந்ததும் புனிதம் சார்ந்ததும் அதற்கு இணையானவை என்று ஷ்வேடர் முடிவுசெய்தார். டூரியல் தரப்பின் பதிலும் எளிதில் தள்ளத்தக்கதன்று: அச்செயலால் இறந்த தந்தையின் ஆன்மாவுக்குக் கேடு நேரும் என்று நம்புவோருக்கு அதுவும் தீங்குதான், வேறுபடுவது உலகைப் பற்றிய நம்பிக்கை, அறநெறி ஒன்றே என்றார்கள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கோல்பெர்க்கின் உலகப் பொதுமைக் கூற்றைப் பொறுத்தவரை, ஜான் ஸ்னாரி 1985-இல் 27 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளைத் தொகுத்துத் தெளிவுபடுத்தினார். முதல் நான்கு படிகள் பரவலாகக் காணப்பட்டன. ஐந்தாம் படி நகரத்து நடுத்தர வர்க்கத்தினரிடமே பெரும்பாலும் காணப்பட்டது. மரபார்ந்த கிராமச் சமூகங்களில் காணப்படவில்லை. இதைக் கொண்டு கிராமத்தவர் அறத்தில் பின்தங்கியவர் என்று முடிவுகட்டுவது எவ்வளவு பெரிய பிழை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சமூகங்களில் உயர்வாகக் கருதப்படும் ஒத்துணர்வுக்கும் கூட்டுப் பொறுப்புக்கும் மதிப்பெண் கையேட்டில் இடம் இல்லை என்பதை ஸ்னாரியே குறிப்பிட்டார்.

காரணம் முன்னா, தீர்ப்பு முன்னா?

இதுவரை பார்த்த அனைவரும், மனிதர் யோசித்துத் தீர்ப்புக்கு வருகிறார் என்று எடுத்துக்கொண்டவர்கள். 2001-இல் உளவியலாளர் ஜோனதன் ஹைட் அதைத் தலைகீழாக்கினார். தீர்ப்பு உள்ளுணர்வில் சட்டென்று பிறக்கிறது; காரணம் பிறகு, வழக்கறிஞர் வாதம் தேடுவதுபோலத் தேடப்படுகிறது என்றார். யாருக்கும் தீங்கு நேராத, ஆனால் அருவருப்பூட்டும் செயல்களைக் கதையாகச் சொன்னபோது, பலர் உடனே தவறு என்றார்கள். சொன்ன காரணம் ஒவ்வொன்றும் கதையோடு பொருந்தவில்லை என்று காட்டப்பட்டபோது, ஏன் என்று தெரியவில்லை, ஆனால் தவறுதான் என்று நின்றார்கள். அப்படியானால் கோல்பெர்க் இருபதாண்டுகள் அளந்தது தீர்ப்பை உருவாக்கிய காரணத்தையா, தீர்ப்புக்குப் பின் தேடிய வாதத்தையா?

இந்தக் கேள்வி கூர்மையானது. ஆயினும் ஹைடின் முடிவை முழுதாக ஏற்பதற்கும் தடை உண்டு. எட்வர்ட் ராய்ஸ்மன் குழுவினர் 2015-இல் காட்டியதுபோல, கேட்டவர்கள் பலர், யாருக்கும் தீங்கு நேரவில்லை என்ற கதையின் உறுதியையே நம்பவில்லை. அவர்களிடம் காரணம் இருந்தது, பேட்டி கண்டவர்தான் அதை ஏற்கவில்லை. மேலும், நண்பர்களோடு நெடுநாள் விவாதித்துத் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளும் மனிதர்களை உள்ளுணர்வு மட்டும் விளக்கிவிடாது.

உள்ளுணர்வு பிறவியிலேயே வருகிறதா என்ற தேடல் கைக்குழந்தைகள் வரை சென்றது. 2007-இல் ஹாம்லினும் உடன் ஆய்வாளர்களும், குன்றில் ஏற முயலும் பொம்மையொன்றுக்கு ஒரு பொம்மை உதவுவதையும் இன்னொன்று தடுப்பதையும் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். ஆறு மாதக் குழந்தைகள் 12 பேரும், பத்து மாதக் குழந்தைகள் 16 பேரில் 14 பேரும் உதவிய பொம்மையை எட்டிப் பிடித்தார்கள். உலகமே வியந்த இந்த முடிவை 37 ஆய்வகங்கள் சேர்ந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அண்மையில் மறுபடி சோதித்தன. உதவிய பொம்மையைத் தேர்ந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். நாணயத்தைச் சுண்டினாலும் அதே விகிதம்தான் கிடைத்திருக்கும். கைக்குழந்தைக்கு அறவுணர்வே இல்லை என்று இது நிறுவவில்லை. ஆனால் "குழந்தை அறத்தோடு பிறக்கிறது" என்று எழுதப்பட்ட செய்திகள் இனி அதே உறுதியோடு எழுதப்படக்கூடாது.

தெரிந்தும் செய்வது

அறிவுக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தை முதலில் பெரிய அளவில் அளந்தவர்கள் ஹார்ட்ஷோர்னும் மேயும். 1920-களின் இறுதியில் ஏறக்குறைய 11,000 பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஏமாற்ற வாய்ப்புள்ள பல சூழல்களை அமைத்தார்கள். தேர்வில் காப்பியடித்த பிள்ளை விளையாட்டில் நேர்மையாக இருந்தது. வகுப்பில் நேர்மையாக இருந்த பிள்ளை வீட்டுப்பாடத்தில் ஏமாற்றியது. நேர்மை என்ற ஒரே குணம் எல்லா இடங்களிலும் ஒரேமாதிரி வெளிப்படவில்லை.

இதைவிட நெஞ்சைத் தொடுவது 1973-இல் டார்லியும் பேட்சனும் வெளியிட்ட சோதனை. பிரின்ஸ்டனில் இறையியல் படித்த 40 மாணவர்கள் உரையாற்றப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். சிலருக்கு உரையின் பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, விரைந்து போங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினார்கள். உரையின் பொருள் என்னவாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்க மாற்றத்தைத் தரவில்லை. அந்த இளைஞர்களுக்கு எது சரி என்று தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ரெஸ்ட் இதனால்தான் அறச்செயலுக்கு நான்கு உறுப்புகள் வேண்டும் என்றார்: இங்கே ஓர் அறச்சிக்கல் இருக்கிறது என்று கவனித்தல், எது சரி என்று தீர்மானித்தல், பிற ஆசைகளைவிட அதற்கு முன்னுரிமை அளித்தல், தடைகளை மீறி அதைச் செய்து முடிக்கும் உறுதி. கோல்பெர்க்கின் ஏணி இவற்றில் இரண்டாவதை மட்டுமே அளக்கிறது.

சிறார் வழக்குகளில் இது எங்கே வந்து நிற்கிறது

குற்றப் பொறுப்புக்கான குறைந்தபட்ச வயதாக இங்கிலாந்தில் 10 வைக்கப்பட்டுள்ளது. குறைந்தது 14 ஆக இருக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமைகள் குழு 2019-இல் பரிந்துரைத்தது. இவ்வளவு அகன்ற வேறுபாட்டுக்கு இடம் இருப்பது, மேலே கண்ட நான்கு உறுப்புகளும் வெவ்வேறு வேகத்தில் முதிர்வதால்தான்.

பதின்வயதினரை ஆராயும் உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கின் ஆய்வுகள் இவ்விடத்தில் உதவுகின்றன. அமைதியாக உட்கார்ந்து யோசித்து விடை சொல்லும் திறனில் பதினாறு வயதினர் பெரியவர்களை ஏறக்குறைய எட்டிவிடுகிறார்கள். உந்துதலை அடக்குவது, கூட்டாளிகளின் அழுத்தத்தை எதிர்ப்பது, பின்விளைவை எண்ணுவது ஆகியவை இருபதுகளிலும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. 2005-இல் கார்ட்னரும் அவரும் வெளியிட்ட சோதனையில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியே ஆடியபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்துக்கும் பெரியவர்கள் எடுத்த ஆபத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் அருகில் நின்று பார்த்தபோது பதின்வயதினரின் ஆபத்தான முடிவுகள் கூடின; பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

ஆகவே ஒரு சிறுவனின் மனமுதிர்ச்சியை மதிப்பிட அழைக்கப்படும் நிபுணர், தாம் எதை மதிப்பிடுகிறார் என்பதை அறிக்கையில் தெளிவாக எழுத வேண்டும். மதிப்பீடு நடப்பது மூடிய அறையில், பெரியவர் ஒருவர் எதிரே அமர்ந்து, குற்றம் நடந்து பல வாரங்களுக்குப் பிறகு. "நீ செய்தது சரியா?" என்று அவர் கேட்கிறார். "தப்புதான்" என்று சிறுவன் சொல்கிறான். அந்த விடை உண்மையாகவே இருக்கலாம். குற்றம் நடந்ததோ ஓர் இரவில், நான்கைந்து பேர் நடுவில், சில நிமிடங்களுக்குள்.